பின்வரிசையின் வலதுகோடிக் கதிரை

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுத் திரையரங்கு பொருத்தும் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை யாரும் அதிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் கடைக்கே வந்து திட்டுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். போன மாதம் ஒருவர் ஒரு அறையின் படத்தைப் போட்டு, "ரெண்டு வரிசை சீட். பக்கச் சுவர் ஸ்பீக்கரை எங்க வைக்கிறது?" என்று கேட்டிருந்தார். பதில்கள் மளமளவென்று வந்தன. முன்வரிசைக்கு நேரே என்றார் ஒருவர். பின்வரிசைக்கு நேரே என்றார் இன்னொருவர். மைக் வைத்து அளந்தால் அம்ப்ளிபயரே சரிசெய்துகொள்ளும், வீணாக மண்டையை உடைக்காதே என்றார் மூன்றாமவர். அந்த அறையில் யார் யார் எந்தக் கதிரையில் உட்காருவார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டீயைக் குடிக்கவே மறந்துபோனேன்.

மைக்கை நான் குறை சொல்லவில்லை. கடைசி வருடங்களில் நானும் அதைப் பாவித்திருக்கிறேன். ஆனால் அதை எந்தக் கதிரையில் வைப்பது என்று ஒரு மனுஷர்தானே முடிவு செய்ய வேண்டும்? எல்லாரும் நேராகப் போய் வீட்டுக்காரரின் கதிரையில் வைக்கிறார்கள். வீட்டுக்காரர் மட்டுமா படம் பார்க்கிறார்?

குழுவில் இதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, முழுவதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் பிலோமினா. கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். சிஸ்டர்மார் நடத்திய தொழில் வகுப்பில் மற்றப் பெண்கள் தையல் மெஷினுக்குப் போனபோது நான் ரேடியோ திருத்தும் மேசைக்குப் போனேன். தையல் எனக்கு வராது, அதுதான் காரணம். பெரிய இலட்சியமெல்லாம் இல்லை. பிறகு கண்டி நகரில் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் இருந்த சிவஞானம் சேருடைய கடையில் சேர்ந்தேன். ரேடியோ போய் வீடியோ டெக் வந்தது, டெக் போய் வீட்டுத் திரையரங்கு வந்தது. கடையும் நானும் கூடவே மாறிக்கொண்டோம்.

சிவஞானம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். வாலிப வயதிலேயே கண்டிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். குரலை உயர்த்தியதே கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். மேஸில், அதுதான் காலுறையில், ஓட்டை வழியே பெருவிரல் எட்டிப் பார்க்கும். வெட்கப்பட மாட்டார். ஒரு வேலை மிக நன்றாக வந்திருந்தால் "பிழை இல்லை" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. "சேர், ஒருநாளைக்கு நல்லா இருக்குன்னு சொன்னா வாய் நோகுமா?" என்று கேட்பேன். "நோகாது பிள்ளை. ஆனா நீ அதோட நிப்பாட்டிப்போடுவாய்" என்பார்.

அவருடைய வேலை முறை இது. அறைக்குள் போனதும் ஏணி, ட்ரில் எதையும் தொடமாட்டார். இருக்கிற கதிரை ஒவ்வொன்றிலும் உட்காருவார். கண்ணை மூடி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் நம்பருக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருப்பார். பிறகு பையிலிருந்து பட்டம் விடுகிற வெள்ளை நூல் உருண்டையை எடுப்பார். சுவரில் ஸ்பீக்கர் வரப்போகிற இடத்தில் நூலின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். அவர் மறுமுனையை ஒவ்வொரு கதிரைக்கும், உட்காருகிறவரின் காது இருக்கும் உயரத்துக்கு இழுத்துப் பார்ப்பார். எந்தக் கதிரைக்கு நூல் மிகக் குட்டையாக வருகிறதோ, அந்தக் கதிரையைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் வருகிறவர்களின் பேச்சு திரைக்குக் கீழே இருக்கிற நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பக்கச் சுவர் ஸ்பீக்கரில் வருவது மழை, காற்று, சனக்கூட்டம், பின்னணி இசை இவ்வளவுதான். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது. பார்க்கிறவர் திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தார் என்றால் நம் வேலை பிழை என்று அர்த்தம். ஒரே வரிசை என்றால் சுலபம். காதுக்குச் சற்றுப் பின்னால், சற்று மேலே வைத்துவிடலாம். இரண்டு வரிசை என்றால்தான் வில்லங்கம். முன்வரிசைக்குச் சரியாக வைத்தால் பின்வரிசையில் ஒருவரின் காதோரம் போய் நிற்கும்.

தெல்தெனியவில் விடுதி நடத்துகிற ஒருவருக்கு மூன்று வரிசை அறையொன்று செய்தோம். நான் பக்க ஸ்பீக்கரை ஜன்னல் விளிம்புக்கு நேராக, பார்க்க அழகாக மாட்டியிருந்தேன். மத்தியானம் சோற்றுப் பார்சல் வந்தது. சேர் அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்துக் கதிரையைக் காட்டி, "இதில இருந்துகொண்டு சாப்பிடு" என்றார். பிறகு பரிசோதனைச் சத்தத்தைப் போட்டுவிட்டார். ஓட்டுக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி சோவென்று ஒரே இரைச்சல் அது. இரண்டாவது கவளம் தொண்டையில் இறங்கவில்லை. "இப்ப விளங்குதோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அவர் தன் பார்சலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் திட்டிக்கொண்டே ஸ்பீக்கரைக் கழற்றி மேலே ஏற்றினேன். அதன் பிறகு எனக்கு அந்தப் பாடம் இன்னொரு தரம் தேவைப்படவில்லை.

இனி அலவத்துகொட வீட்டுக்கு வருகிறேன்.

ஒருநாள் கடைக்கு ஒரு ஹாஜியார் போன் எடுத்தார். அலவத்துகொடவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். "மிஸ், எங்கட வீட்டுல மேல்மாடியில படம் பாக்கிற ரூமொண்டு ஈக்கிது. எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போங்க. எனக்கி வாணாம்" என்றார். வேறு ஆட்கள் பொருத்தி இரண்டு மாதம்கூட ஆகவில்லையாம். பழுதா என்று கேட்டேன். "பழுதொண்டுமில்ல. வாணாம், அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார்.

சேரும் நானும் போனோம். மாடிப்படியில் நிறுத்தி வைத்து ஹாஜியார் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே மகள், சஹ்ரா. சின்ன வயதில் வந்த கடும் காய்ச்சலில் இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதை வைத்துக்கொண்டே படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு, அதுதான் கெம்பஸுக்கு, எடுபட்டுவிட்டாள். வீடே கொண்டாடியது. அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த அறையையும் கட்டினார். அறை திறந்த நாளிலிருந்து படத்தில் பேசுவது அவளுக்கு விளங்கவில்லை. மற்ற எல்லாருக்கும் விளங்குகிறது. கேட்கிற காதும் போகிறது என்று அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. டொக்டரிடம் வரமாட்டேன் என்கிறாள். கெம்பஸுக்கும் போகமாட்டேன் என்கிறாள்.

"லெக்சர்ல ஒண்டும் வெளங்காம மரம் மாதிரி குந்திக்கொண்டு ஈக்கவா போற எண்டு கேக்கிறா. நான் என்ன செல்ல? இந்த ரூம்தான் எண்ட புள்ளைக்கி காது போறத காட்டிக் குடுத்தது. இதப் பாக்கவே ஏலாம ஈக்கிது" என்றார் ஹாஜியார். பெரிய உடம்புக்காரர். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒருக்கா கதிரையில இருந்து பாப்பம்" என்றார் சேர்.

அறையில் இரண்டு வரிசை. முன்வரிசை தரையில். பின்வரிசை ஒரு அடி உயர மேடையில், கிட்டத்தட்டச் சுவருக்குச் சுவர் கதிரை. அந்த வீட்டில் ஹாஜியாரும் ஆண்மக்களும் வருகிற விருந்தாளிகளும் முன்வரிசையில் இருப்பார்கள். பெண்கள் பின்வரிசையில், உள்வீட்டுக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில் இருப்பார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கம். பொருத்த வந்தவர்கள் வேலை செய்த நாட்களில் அந்நிய ஆண்கள் இருக்கிறார்கள் என்று பெண்கள் யாரும் மாடிக்கு வரவே இல்லை. வேலை முடிந்து சத்தம் பரிசோதித்தபோது முன்வரிசையில் ஹாஜியாரும் இரண்டு ஆண்மக்களும் இருந்து 'சுப்பர்' என்றார்களாம். பின்வரிசை காலியாகக் கிடந்திருக்கிறது. காலிக் கதிரை வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாதே.

சேர் முன்வரிசைக் கதிரைகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தார். "பிழை இல்லை" என்றார். உண்மையிலேயே முன்வரிசைக்கு நல்ல வேலைதான். பக்க ஸ்பீக்கர்களை முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், தலைக்குச் சற்று மேலே புத்தகத்தில் சொன்னபடி வைத்திருந்தார்கள். பிறகு சேர் மேடையில் ஏறி, பின்வரிசையின் ஒவ்வொரு கதிரையிலும் உட்கார்ந்து கடைசியாக வலதுகோடிக்குப் போனார். உட்கார்ந்தபடியே வலது கையை நீட்டினார். மேடை உயரத்தில் ஸ்பீக்கர் காதுக்கு நேரே நின்று கையில் பட்டது.

"ஹாஜியார், இதில ஆர் இருக்கிறது?"

"அது மகள்ட சீட்."

"ஏன் இதில?"

"உம்மாதான் இருத்தின. பொட்டிக்கு கிட்ட ஈந்தா நல்லாக் கேக்குமே. கேக்கிற காதும் அந்தப் பக்கம்தானே."

சேர் கதிரையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். "மகள் வந்து இதில இருக்காமல் என்னால ஒண்டும் சொல்லேலாது. நான் இஞ்ச நிண்டா அவை வரமாட்டினம். வாங்கோ ஹாஜியார், நாங்கள் கீழ போய்த் தேத்தண்ணி குடிப்பம். பிலோமினா பாக்கட்டும்" என்றார். இவ்வளவு பெரிய விஷயத்தை என் தலையில் கட்டிவிட்டு, இந்த மனுஷன் பாட்டுக்கு டீ குடிக்கப் போகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவரோ மேஸ் காலோடு மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர்கள் போனதும் உள்கதவு திறந்தது. ஹாஜியாரின் மனைவியும் சஹ்ராவும் வந்தார்கள். மெலிந்த பிள்ளை. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த இடத்துல விளங்கல? அதைப் போட்டுக் காட்டுறியா?" என்றேன்.

அவளே ரிமோட்டை எடுத்துப் போட்டாள். மழையில் ஒரு பஸ் நிறுத்தம். புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். நான் அவளுடைய கதிரையில் உட்கார்ந்தேன். இடது காதுக்குள் விரலை விட்டு இறுக்கி அடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், மழை என் மேலே விழுந்தது. வலது காதோரம் சோவென்று மழை. திரையில் அந்த இருவரும் வாயை மூடி மூடித் திறக்கிறார்கள். ஒரு சொல் பிடிபடவில்லை. ஒரு குறையும் இல்லாத என் காதுக்கே ஒரு சொல் பிடிபடவில்லை. இந்தப் பிள்ளை இரண்டு மாதமாக இதிலேயே உட்கார்ந்து, பிழை தன் காதில் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. விரலை எடுத்துவிட்டு, "அட கடவுளே" என்றேன்.

இரண்டு காதும் கேட்கிறவர்களுக்கு மழையையும் பேச்சையும் பிரித்து எடுப்பது சுலபம், நாம் அறியாமலே நடந்துவிடும். ஒரு காது உள்ளவர்களுக்கு அது பெரிய பாடு. அந்த ஒரே காதோரம்தான், நல்லது என்று நினைத்து, இரைச்சல் பெட்டியை வைத்திருந்தார்கள். பேச்சோ நடுவிலிருந்து, கேட்காத காதுப் பக்கமாக வருகிறது. கிட்ட இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்த அந்தத் தாயைக் குறை சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் அப்படித்தான் உட்கார்த்தியிருப்பேன்.

நான் அந்த ஸ்பீக்கரின் பின்னாலிருந்த வயரைப் பிடுங்கினேன். "இப்ப நீ இரு" என்றேன். அதே காட்சியைப் போட்டோம். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன்.

"என்ன சொன்னான்?"

"கடைசி பஸ்ஸும் போயிட்டு, நடந்து போவோமெண்டு சென்ன" என்றாள், நம்பிக்கையில்லாமல்.

தாய்க்குச் சந்தேகம். "வாயப் பாத்துச் செல்றாவாக்கும்" என்று சொல்லி, மகளின் தோளைப் பிடித்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். "வேற எடம் போடுங்க." வேறு இடம் போட்டேன். சஹ்ரா சுவரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வசனமாகத் திருப்பிச் சொன்னாள். "அவ கோவமாக் கதைக்கிறா. தம்பிய எங்க எண்டு கேக்கிறா. இப்ப கதவு அடிபட்டிச்சி." சொல்லச் சொல்ல அவளுடைய குரல் மாறிக்கொண்டே போனது. தாய் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"உம்மா, அழவாணாம். நீங்க அழுற சத்தத்துல படம் கேக்குதில்ல" என்றாள் சஹ்ரா.

நான் மாடிப்படிக்கு ஓடிப் போய்க் கூப்பிட்டேன். ஹாஜியார் டீக் கோப்பையோடு ஏறி வந்தார். பின்னால் வந்த சேர் வாசலோடு நின்றுகொண்டார், பெண்கள் உள்கதவுப் பக்கம் ஒதுங்கினார்கள். வயரைத் திரும்பக் குத்திவிட்டு, "ஹாஜியார், நீங்க ஒருக்கா இதுல இருங்க. இடது காதை அடைச்சுக்கங்க" என்றேன். தன் சொந்த வீட்டில் பின்வரிசையில் அவர் அன்றுதான் முதல் தரம் உட்கார்ந்தார். மழைக் காட்சி ஓடி முடிந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. "யா அல்லாஹ், நல்லதெண்டு நெனச்சில்லையா செஞ்ச" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்சாதி போய் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார்.

சேர் அந்தச் சந்தோஷத்திலும் நிதானத்தை விடவில்லை. "நாங்கள் டொக்டர் இல்லை. கதிரையும் பெட்டியும் பிழை எண்டு மட்டும்தான் எங்களால சொல்லேலும். காதைக் காட்டத்தான் வேணும். இனிப் பயமில்லாமல் போகலாம்தானே?" என்று சஹ்ராவைப் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார். கதவுப் பக்கம் நின்ற சஹ்ரா, "போறேன்" என்றாள்.

டொக்டர் நாள் கொடுத்தது அடுத்த வாரம். அதற்குள் நாங்கள் அறையைச் சரிசெய்தோம். பக்க ஸ்பீக்கர்களை இரண்டு வரிசைக்கும் நடுவே முன்னுக்கு நகர்த்தினோம். கூரைக்கு ஒரு சாண் கீழே வரைக்கும் ஏற்றினோம். அப்படி ஏற்றினால் நூல் குட்டையாக வருகிற கதிரைக்கும் நீளமாக வருகிற கதிரைக்கும் வித்தியாசம் குறையும். ஸ்பீக்கரின் முகத்தைக் கிட்ட இருக்கிற கதிரைக்குக் காட்டாமல், எதிர்ச் சுவரோரம் இருக்கிற தூரத்துக் கதிரையை நோக்கிச் சரித்தோம். அப்போது சத்தம் கிட்ட இருப்பவரின் தலைக்கு மேலாகப் போய்விடும். பின்சுவரில், மேலே, இரண்டு மூலைகளிலும் இன்னொரு சோடி சேர்த்து, அதன் சத்தத்தை மெதுவாக வைத்தோம். பின்வரிசையிலிருந்து பார்த்தால் நடு ஸ்பீக்கரை முன்வரிசைக்காரர்களின் தலைகள் மறைத்தன. அதைத் தூக்கி, முன்பக்கத்தில் ஒரு கட்டை கொடுத்து, பின்வரிசையைப் பார்க்க வைத்தோம். சஹ்ரா இடதுகோடிக் கதிரைக்கு மாறினாள். அங்கே இருந்தால் பேச்சும் வீட்டுச் சனமும் கேட்கிற காதுப் பக்கம்.

முன்வரிசை ஆண்மக்களுக்கு முகம் கோணிவிட்டது. "பவர் கொறஞ்சிட்டே சேர், முந்தி பறவையெல்லாம் காதுக்குள்ள வந்து கத்தும்" என்றான் மூத்தவன்.

"பவர் குறையேல்லைத் தம்பி. பெட்டி எங்க இருக்கு எண்டு தெரியாமல் போச்சு, அவ்வளவுதான்" என்றார் சேர்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அறை சரி. காது? இரண்டு மாதமாகப் பயந்தது வீண்பயம்தான் என்று நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு ஆசை காட்டிவிட்டோம். டொக்டர் வேறு மாதிரிச் சொல்லிவிட்டால்? பூசைக்குப் போனால் அதே நினைவு, பஸ்ஸில் இருந்தால் அதே நினைவு. சேரும் வெளியே காட்டவில்லையே தவிர, போன் அடிக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்.

போன் வந்தபோது கடைக்கு வெளியே தெருவில் ஒரே ஹோர்ன் சத்தம். உள்ளே யாரோ கொண்டுவந்த அம்ப்ளிபயர் முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் மனைவி பேசினார். "அல்ஹம்துலில்லாஹ். ஆறு வருஷத்துக்கு முந்தி எடுத்த சோதனையில எப்பிடி ஈந்திச்சோ, அப்பிடியே ஈக்கிதாம் வலது காது. ஒரு இம்மிகூட கொறையல்ல." நான் சேரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டு, அப்படியே கதிரையில் சாய்ந்து மூச்சை விட்டார். என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"இந்தாங்க, மகள் கதைக்கணுமாம்" என்று போனை மாற்றினார் தாய்.

"கெம்பஸுக்குப் போறியா? பதியப் போறியா? முன்னுக்கு இருக்கிற சீட்டாப் பிடிச்சிக்க, என்ன? வாத்தியார் உன்ட வலது பக்கம் வாற மாதிரி பார்த்து இருந்துக்க, கேக்குதா?" என்று நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

"அக்கா, கத்தவாணாம்" என்றாள் சஹ்ரா. "எனக்கி நல்லாக் கேக்குது."